அக்கா கேலிபர்ல ஒடைஞ்ச ஸ்க்ரூ

சாமந்திப்பூ வாசனையும் மண்ணெண்ண நாத்தமும் ஒண்ணா மூக்குல ஏறிச்சுன்னா நான் இன்னிக்கும் அந்த எடத்த விட்டு நகந்துடுவேன். மத்தவங்களுக்கு ஆயுத பூஜைன்னா பொரி, கடலை, சுண்டல் ஞாபகம் வரும். எனக்கு ஒரு சின்ன "டக்" சத்தம் ஞாபகம் வரும். சுண்டுவெரல் நீளம்கூட இல்லாத ஒரு இரும்பு ஸ்க்ரூ, என் கையில தலை வேற ஒடம்பு வேறயா போன சத்தம்.

தொண்ணூறுகளோட கடைசி அது. நாங்க புனேல ஹடப்சர் பக்கம், ஒரே கூரைக்குக் கீழ வரிசையா பன்னெண்டு ரூம் இருக்கற ஒரு "சால்"ல குடியிருந்தோம். அப்பா சேலத்துப் பக்கத்துலேருந்து மிலிட்டரி டிப்போல சாமான் கட்டற பேக்கர் வேலைக்கு வந்தவர், அவர் பின்னாடியே அம்மாவும் வந்து, நானும் அக்காவும் இங்கயே பொறந்தோம். எனக்கு அப்ப பதிமூணு வயசு. ஏழாங்கிளாஸ ரெண்டு தடவ படிச்சேன், மூணாவது தடவையும் படிக்கறேன்னு போனப்ப மராத்தி டீச்சரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வெச்சாங்க. தமிழ் எழுத்து மட்டும் அம்மா மளிகை லிஸ்ட் எழுதச் சொல்லிப் பழக்குனது, அதனால நான் எத எழுதினாலும் கொஞ்சம் துவரம்பருப்பு வாசனை வரும், பொறுத்துக்கோங்க.

அக்கா செல்விக்குப் பத்தொம்போது. ரெண்டு வயசுல போலியோ வந்து வலது கால் சூம்பிப் போச்சு. அந்தக் காலுக்கு அவ போட்டுக்கிட்டது கேலிபர். காலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு இரும்புப் பட்டை, தொடையிலயும் கெண்டைக்கால்லயும் தோல் வார், கீழ ஒரு பூட்ஸு, முட்டி மடங்கற எடத்துல ஒரு ஸ்க்ரூ. நிக்கும்போது ஒரு வளையம் கீழ எறங்கி முட்டிய லாக் பண்ணிக்கும், உக்காரணும்னா வளையத்த மேல இழுத்து மடக்கணும். கேலிபர் இல்லேன்னா அக்காவால கையால தரையில நகரத்தான் முடியும். இருந்தா எங்க தெருவுல எவளும் அவ கிட்ட வாய் குடுத்து ஜெயிக்க முடியாது.

அந்த வருஷம் அவளுக்கு மொத மொதல்ல ஒரு வேலை கெடச்சுது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோட்டுல ஒரு சேட்டு தண்ணி மோட்டார் விக்கற புது ஷோரூம் தொறக்கறார், அங்க போன் எடுத்துப் பேசறதுக்கு ஆள் வேணும். மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ் மூணுலயும் அக்கா பேசினதக் கேட்டு சேட்டுக்குப் புடிச்சுப் போச்சு, ஆனா காலப் பாத்ததும் தயங்கினார். அதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல இந்தத் தயக்கத்தோடயே கதவச் சாத்தியிருந்தாங்க. இவரு சாத்தல. "வாசல்ல மூணு படி இருக்கு. தசரா அன்னிக்குக் காலையில ஒம்போது மணிக்கு முகூர்த்தம். எல்லாரோடயும் நடந்து ஏறி வந்து சீட்டுல உக்காரு. தூக்கிட்டு வர்றது, புடிச்சிக்கிட்டு வர்றதெல்லாம் என் கடையில வேணாம். வரலேன்னா வேற பொண்ணப் பாத்துக்கறேன்"னு சொல்லி அனுப்பிச்சிட்டார். எங்க வீட்டுல ஒரு வாரமா அந்த மூணு படியத் தவிர வேற பேச்சே இல்ல.

தசராவுக்கு முந்தின நாள்தான் ஆயுத பூஜை. மராத்திக்காரங்களும் அன்னிக்குத்தான் கருவிகளைக் கழுவி, மாலை போட்டுக் கும்பிடுவாங்க, "கண்டே நவமி"ம்பாங்க. எங்கம்மா மணப்பலகையில செகப்புத் துணி விரிச்சு அருவாமணை, கத்திரிக்கோல், அப்பாவோட ஸ்பேனர் பொட்டி, அக்காவோட டைப்ரைட்டிங் புக்கு எல்லாத்தையும் அடுக்குவாங்க. நான் ஸ்கூல விட்டுட்டாலும் அந்த வருஷமும் என் ஏழாங்கிளாஸ் புக்கு அதுல இருந்துச்சு, சரஸ்வதி என்னைக்காவது மனசு மாறுவான்னு ஒரு நம்பிக்கை. எல்லாத்துக்கும் நடுவுல, ராஜா மாதிரி, அக்காவோட கேலிபர். "அதுதான் கண்ணு உன்னோட ஆயுதம்"னு அம்மா வருஷாவருஷம் சொல்லிக்கிட்டே அதுக்குப் பொட்டு வெப்பாங்க. பூஜையில வெச்சத மறுநாள் காலையில மறுபூஜை பண்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அன்னிக்கு முழுக்க அக்கா கட்டில்லயே உக்காந்திருப்பா. சாப்புடுவா, ஆனா தண்ணி குடிக்க மாட்டா. "எம் பொண்ணு அன்னிக்குப் பச்சத் தண்ணிகூடத் தொட மாட்டா, அவ்வளவு பக்தி"ன்னு அம்மா பக்கத்து ரூம்காரிகிட்டப் பெருமையாச் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன்.

அன்னிக்குக் காலையில கேலிபரத் தொடைக்கிற வேலை என்னுது. மண்ணெண்ணத் துணிய வெச்சுத் தொடைச்சா போதும், சொன்னது அவ்வளவுதான். ஆனா முட்டிக்கிட்ட அது நடக்க நடக்க "கிறீச் கிறீச்"னு கத்தும். நாளைக்கு சேட்டு கடையில பத்துப் பேர் நிக்கறப்ப அது கத்தக்கூடாது, ஸ்க்ரூவக் கழட்டி உள்ள எண்ண விட்டுடுவோம்னு எனக்கு ஒரு அறிவு உதிச்சுது. எனக்கு அறிவு உதிச்ச நாளெல்லாம் வீட்டுல யாராவது ஒருத்தர் அழுதிருக்காங்க.

இடது பக்கம் திருப்பினா கழலும், வலது பக்கம் திருப்பினா முறுகும், அது எனக்கும் தெரியும். ஆனா நான் உக்காந்த லட்சணம், கேலிபர என் ரெண்டு முட்டிக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, ஸ்க்ரூவோட தலை அந்தப் பக்கம் இருக்க, கைய வளைச்சு அந்தாண்ட விட்டு, இந்தப் பக்கத்துலேருந்து பாத்து இடதுன்னு திருப்பினேன். தலைப் பக்கத்துலேருந்து பாத்தா அது வலது. கழட்டறதா நெனச்சு முறுக்கிக்கிட்டே இருக்கேன். வரல. ஸ்க்ரூடிரைவர் வழுக்கி வழுக்கி தலையில இருந்த வெட்டு மழுங்கி, சட்டி மாதிரி ஆயிடுச்சு. அப்பாவோட பைப் ரெஞ்ச எடுத்து தலையக் கவ்விப் புடிச்சு, மூச்சப் புடிச்சு ஒரு இழு இழுத்தேன். டக். தலை உருண்டு ஓடிப்போய் அருவாமணைக்கிட்ட நின்னுச்சு. மிச்ச ஸ்க்ரூ இரும்புக்குள்ளயே மாட்டிக்கிச்சு. ரெண்டு பட்டையும் ஆடுது, அது மேல கால ஊனினா அக்கா நேரா மூஞ்சி குப்புற விழுவா.

அம்மா சமையலறையிலேருந்து "குமாரு, ஆச்சாடா?"ன்னாங்க. "ஆச்சும்மா"ன்னேன். தலைய எடுத்து சந்தனத்தக் கொழைச்சு அந்த ஓட்டை மேல ஒட்ட வெச்சேன். அது நழுவிச்சு, இன்னும் கொஞ்சம் சந்தனம், அதுக்கு மேல குங்குமம். பூஜையும் நடந்துச்சு, கற்பூரம் காட்டினாங்க, நானும் கண்ண மூடிக் கும்பிட்டேன். சாமிகிட்ட என்ன கேட்டேன்னு சொன்னா வெக்கக்கேடு. ஒடைஞ்சத ஒட்டிவிடுன்னு கேக்கல. பழி பக்கத்து ரூம் பூனை மேல விழட்டும்னு கேட்டேன்.

பூஜை முடிஞ்சு அப்பா டிப்போ பூஜைக்குக் கெளம்பிப் போயிட்டார். அக்கா கட்டில்லேருந்து பலகையவே பாத்துக்கிட்டிருந்தா.

"ஏன்டா, மத்த எடத்துல எல்லாம் பொட்டு மொளகு சைசு இருக்கு, முட்டியில மட்டும் ஏன் வடை சைசு இருக்கு?"

கண்ணுல தண்ணி வந்துச்சு. எல்லாத்தையும் சொன்னேன். அம்மா மொதல்ல என் முதுகுல நாலு வெச்சாங்க, அப்புறம் தலையில கைய வெச்சிக்கிட்டு உக்காந்துட்டாங்க. அக்கா திட்டல, அழல, சும்மா செவுத்தப் பாத்துக்கிட்டிருந்தா. அவ திட்டியிருந்தா எனக்கு எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

நான் பலகையிலேருந்து கேலிபரத் தூக்கினேன். "டேய் பூஜையில வெச்சதுடா, எடுக்காத!"ன்னு அம்மா கத்தினாங்க, அதுக்குள்ள நான் சைக்கிள்ல ஏறிட்டேன். எஸ்டேட் ரோட்டுல லேத் பட்டறை வரிசையா இருக்கும். போன எடமெல்லாம் ஒரே கதை, ஷட்டர் பாதி எறங்கியிருக்கு, மெஷினுக்கெல்லாம் சாமந்தி மாலை, ஊதுவத்தி, மொதலாளிங்க புதுச் சட்டையில உக்காந்து பேடா தின்னுக்கிட்டிருக்காங்க. நான் காட்டற எடத்த எட்டிக்கூடப் பாக்காம "ஆஜ் நாஹி"ன்னாங்க. இன்னிக்குக் கெடையாது, நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வா. கடைசிப் பட்டறை பவார் காகாவோடது, மராத்தியில காகான்னா சித்தப்பா. அவரு பாதி ஒடஞ்ச போல்ட், மழுங்கின ஸ்க்ரூ எடுக்கறதுல பேர் போனவரு. அவரும் "ஆஜ் நாஹி, ஹீரோ"ன்னுட்டார்.

அப்பதான் எனக்கு ரெண்டாவது அறிவு உதிச்சுது. என் மூஞ்சியப் பாத்தா எவனுக்கும் எரக்கம் வராது, எனக்கே வராது. அக்காவக் கூட்டிட்டு வந்து காட்டினா ஒருவேள மனசு எறங்குவாங்க. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவ கேவலமா என்னப் பாத்தா. "என்னக் காட்டி எரக்கம் வாங்கப் போறியா?"ன்னா. அப்புறம், "சரி வா, முடியாதுன்னு அவங்க சொல்றத நானும் என் காதால கேட்டுடறேன்"னு சொல்லிட்டு நகந்து வந்து, என் தோளப் புடிச்சு சைக்கிள் கேரியர்ல ஏறி உக்காந்தா. ஒரு கையால என் சட்டைய, இன்னொரு கையால கேலிபர. நான் தள்ளிக்கிட்டே போனேன்.

பவார் காகா அவளப் பாத்ததும் எந்திரிச்சு நின்னார். நல்ல மனுஷன்தான். ஒரு ஸ்டூலப் போட்டு உக்காரச் சொன்னார், பேடா குடுத்தார், அப்புறம் கையக் கூப்பினார். "பேட்டா, கோச்சிக்காத. வருஷத்துல ஒரு நாள் இந்த மெஷினுக்கு ஓய்வு. மாலை போட்டாச்சு. எங்கப்பா காலத்துலேருந்து தொட்டதில்ல."

அக்கா பேடாவக் கையிலயே வெச்சிருந்தா. அப்புறம் மராத்தியில, எங்கம்மாகிட்டக்கூட அவ பேசாத ஒரு கொரல்ல, நெதானமாப் பேசினா.

"காகா, எனக்கும் வருஷத்துல ஒரு நாள் ஓய்வுதான். எங்கம்மா என் காலுக்கு மாலை போட்டு பூஜையில வெச்சிடுவாங்க. உங்க மெஷினுக்கு ஓய்வுன்னா அது சும்மா நிக்கும், அவ்வளவுதான். எங்க லைன்ல பாத்ரூம் கடைசியில இருக்கு. பன்னெண்டு வீட்டு வாசலத் தாண்டி, எல்லாரும் பாக்க, தரையில நகந்து போகணும். அதனால நான் அன்னிக்குத் தண்ணி குடிக்கறதில்ல. ஏழு வயசுலேருந்து. அம்மா அத விரதம்னு சொல்லிக்கறாங்க. நான் ஒண்ணும் சொன்னதில்ல. இந்த ஓய்வ நான் கேட்டு வாங்கல காகா. உங்க மெஷின் கேட்டுச்சா?"

எனக்கு இது தெரியாது. அதே ரூம்ல, அவ கட்டிலுக்குக் கீழதான் நான் படுக்கறேன். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து.

பவார் காகா செருப்பக் கழட்டிட்டுப் போய், டிரில் மெஷினத் தொட்டு நெஞ்சுல வெச்சுக்கிட்டு, மாலைய எடுத்து மடிச்சுப் பலகையில வெச்சார். அப்புறம் லேத் மேல இருந்ததையும். நான் கூட மாட ஒத்தாசை பண்ண எந்திரிச்சேன்.

"நீ எந்தப் பக்கம் திருப்பின?"

"இடது பக்கம் காகா."

"எங்கேருந்து பாத்து?"

காட்டினேன். அவர் என்ன ஏற எறங்கப் பாத்தார். "ஹீரோ, அந்த மூலையில உக்காரு. இங்க எதையும் தொடாத. மூச்சு கூட மெதுவா விடு"ன்னார். அக்கா மொத தடவையா சிரிச்சா.

அவர் கேலிபர வைஸுங்கற இரும்பு இடுக்கியில இறுக்கி, ஒடைஞ்ச ஸ்க்ரூவோட நட்ட நடுவுல கூரான பஞ்ச் உளிய வெச்சு ஒரு தட்டுத் தட்டிப் புள்ளி போட்டார். புள்ளி மயிரளவு தள்ளிப்போனாலும் சுத்தி இருக்கற மரை கெட்டுடும். அப்புறம் அந்தப் புள்ளியில சின்ன டிரில்ல தீக்குச்சி தடிமனுக்கு ஒரு ஓட்டை. எண்ண விட்டு விட்டு மெதுவா போட்டார். அப்புறம் ஒரு தகர டப்பாவத் தொறந்து விரல் நீளத்துல ஒரு கருவிய எடுத்தார். பாக்க கேரட் மாதிரி நுனி சிறுத்து, ஒடம்பு பூரா தலைகீழா சுத்தின மரை. அதுக்குப் பேரு "ஈஸி அவுட்". பேரு வெச்சவன் அத ஒரு நாளும் கையால தொட்டிருக்க மாட்டான். அத ஓட்டையில விட்டு இடது பக்கம் திருப்பத் திருப்ப அது உள்ள கடிச்சுக்கிட்டே போகும், கடிச்சு கடிச்சு ஒரு கட்டத்துல ஸ்க்ரூவையே தன்னோட சேத்து சுத்தி வெளிய கொண்டாந்துடும். நேரம் நல்லா இருந்தா. இல்லேன்னா ஈஸி அவுட்டே உள்ள ஒடைஞ்சிடும். அது ரொம்ப கெட்டி இரும்பு, அது உள்ள ஒடைஞ்சா எந்த டிரில்லும் அதுல ஏறாது. "ஹே மோட்ல, தர் சம்ப்ல"ன்னார் காகா. ஒடஞ்சா முடிஞ்சுது.

ரெண்டு கையாலயும் கைப்பிடியப் புடிச்சுத் திருப்பினார். வரல. நான் அவ்வளவு முறுக்கியிருக்கேன், புண்ணியவான். கைப்பிடி லேசா வளையறது எனக்கே தெரிஞ்சுது. அவர் சட்டுனு விட்டுட்டார். தோல் வார் மேல ஈரத்துணியச் சுத்திட்டு, ஊதுவிளக்க வெச்சு அந்த முட்டி இரும்ப மட்டும் சூடு பண்ணினார், மறுபடி எண்ண, மறுபடி திருப்பு. அப்பவும் இல்ல. மூணாவது தடவ திருப்பும்போது அவர் கழுத்து நரம்பு பொடைச்சுது, பட்டறையில ஊதுவத்தி பொகையத் தவிர எதுவும் அசையல. அக்கா பேடாவ நசுக்கிட்டா, அது அவ விரலுக்கு நடுவுல பிதுங்கிக்கிட்டிருந்துச்சு.

ஒரு சின்ன முனகல் மாதிரி சத்தம். காகா அப்படியே நிறுத்தினார். ஒடைஞ்சிடுச்சுன்னுதான் நான் நெனச்சேன். அவர் திரும்பவும் மெதுவா, கொழந்தைய எழுப்பாம போர்வைய இழுக்கற மாதிரி, கால் சுத்து. அப்புறம் அரை சுத்து. அப்புறம் அது தானா வழுக்கிக்கிட்டு வந்துச்சு. ஈஸி அவுட்டோட நுனியில அந்தக் கட்டை ஸ்க்ரூ ஒட்டிக்கிட்டு, சூட்டுல நீலம் பாஞ்சு போயி.

காகா லேத்தப் போட்டு ஒரு போல்ட்ட அளவுக்குக் கடைஞ்சு, முட்டியில மாட்டி, வளையத்த ஏத்தி எறக்கிப் பாத்தார். அக்கா ஸ்டூல்ல உக்காந்தே வாரைக் கட்டி, லாக்கப் போட்டு எந்திரிச்சு நின்னா. நாலடி நடந்தா. அப்புறம் "காகா, தண்ணி இருக்கா?"ன்னா. சொம்பு நெறைய குடுத்தார். முழுசையும் ஒரே மூச்சுல குடிச்சா.

வீட்டுக்குப் போறப்ப அவ நடந்துதான் வந்தா, நான் சும்மா சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தேன். தண்ணி விஷயத்த அம்மாகிட்ட நான்தான் சொன்னேன், என் வாயில எது நின்னிருக்கு. அம்மா அரிசி பொடைச்சிக்கிட்டிருந்தாங்க. மொறம் கையிலயே நின்னுச்சு. "ஏழு வயசுலேருந்தா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அடுத்த வருஷம் ஆயுத பூஜையில பலகைக்கு நடுவுல எடம் காலியா இருந்துச்சு. அம்மா குங்குமக் கிண்ணத்த எடுத்துக்கிட்டு கட்டில்கிட்டப் போய், தரையில உக்காந்து, அக்கா காலுல மாட்டியிருக்கறபடியே கேலிபருக்குப் பொட்டு வெச்சாங்க.

தசரா காலையில என்ன வரக்கூடாதுன்னு அக்கா சொல்லிட்டா. நான் போனேன், கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். சேட்டு வாசல்லயே நின்னார். மொத படியில நல்ல கால வெச்சு, கம்பிய ஒரு கையால புடிச்சு, இரும்புக் கால இழுத்து மேல வெச்சா. ரெண்டாவது. மூணாவதுல கொஞ்சம் நின்னா, சேட்டு கைய நீட்டினார், அவ அந்தக் கையப் புடிக்காம "நமஸ்கார்" சொல்லிட்டு உள்ள போயிட்டா. நான் ஜூஸ்காரன்கிட்ட "அது எங்கக்கா"ன்னேன். அவன் "அதுக்கு ஏன் அழுவற?"ன்னான்.

இப்ப அந்தப் பட்டறை வரிசை ஒண்ணுகூட இல்ல. அது இருந்த மகர்பட்டா பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடம், காலையில ஐடி பஸ்ஸு வரிசை. நான் அங்க ஒரு சொசைட்டியில, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்புல, ரிப்பேர் வேலை பாக்கறேன், மழுங்கின ஸ்க்ரூன்னா என்னத்தான் கூப்பிடுவாங்க, இந்த ஊருல என்ன விட அதிகமா மழுங்கடிச்சவன் யாரு. சேட்டு கடை போனும் போச்சு, அத எடுத்துப் பேசற வேலையும் போச்சு. அந்த இரும்புக் கேலிபர் போயி அக்காவுக்கு இப்ப எடை இல்லாத பிளாஸ்டிக்ல வந்திருக்கு. அந்த வியாதியே போச்சு, எங்க சொசைட்டி கொழந்தைங்க யாரும் அப்படி ஒரு கால பாத்ததே கெடையாது. போனதுலயே நல்லாப் போனது அதுதான்.

போன தசராவுக்கு ஊருக்கு அந்தக் கோடியில, வாகட்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இத்தன வருஷமா கேக்காதத கேட்டேன். "அன்னிக்கு நான் ஒடைச்சதும் ஒரு வார்த்தகூடத் திட்டலயே, அவ்வளவு கோவமா?"

"கோவமா? அப்பாடான்னு இருந்துச்சுடா எனக்கு."

அவ சுண்டல் தட்ட என் பக்கம் நகத்தி வெச்சா.

"ஒரு வாரமா தூக்கம் இல்ல. அந்த மூணு படியில விழுந்துட்டா? அத்தன பேர் பாக்க? நீ ஒடைச்சதும், சரி, தப்பிச்சோம், இனிமே யாரும் என்னப் போன்னு சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன். பட்டறைக்கு வந்ததுகூட அவர் முடியாதுன்னு சொல்வாருங்கற தைரியத்துலதான்."

"அப்புறம் ஏன் அவ்வளவு பேசின?"

அக்கா காலித் தட்ட எடுத்து மடியில வெச்சிக்கிட்டா.

"அவர் முடியாதுன்னு சொல்லிட்டாரே. நான் போக மாட்டேன்னு நான் சொல்லிக்கலாம்டா. அத இன்னொருத்தர் சொன்னப்ப எனக்குப் பொறுக்கல."